பீட்டர், பென், ஹாரி, டேனியல்

(சங்கத்தின் பொங்கல் விழா மேடையில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன ஒன்றிரண்டு தகவல்களைச் சேர்த்திருக்கிறேன். நடுவில் மணியடித்த இடங்களை நீக்கவில்லை.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, இந்தப் பள்ளி அரங்கை வாடகைக்குப் பிடிக்க மூன்று மாதம் அலைந்த செயலாளர் அவர்களே, செலவு என்றதும் முகம் சுருங்கினாலும் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடுகிற பொருளாளர் அவர்களே, கவுண்டி மன்றத்திலிருந்து வந்து, ஒரு சொல்கூடப் புரியாமல் இரண்டு மணி நேரமாகச் சிரித்த முகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அம்மையார் அவர்களே, தமிழ்ப் பள்ளி முதல்வர் அவர்களே, சனிக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களே, எனக்கு முன்னால் பறையடித்து இந்த அரங்கையே எழுப்பி உட்கார வைத்த பிள்ளைகளே, எனக்குப் பின்னால் ஆடுவதற்குச் சலங்கை கட்டிக்கொண்டு, ‘இந்த மாமா எப்போ முடிப்பார்’ என்று திரைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளே, அடுப்பங்கரையில் நின்றபடியே காதை இங்கே வைத்திருக்கும் தொண்டர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

யாரையாவது விட்டுவிட்டேனா? விட்டேன். கட்டடக் குழுவினரை விட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். அவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, கடைசியில் வருகிறேன். அவர்களுக்கும் வணக்கம்.

பொன்னாடைக்கு நன்றி. என்னை ‘வரலாற்று அறிஞர்’ என்று தம்பி அறிமுகப்படுத்தினார். அது அவருடைய பெருந்தன்மை. முப்பது வருடம் கணினியில் மற்றவர் எழுதிய பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சம்பளப் பட்டியல்களின் நகலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார். மேடையில் சொல்ல முடியாது.

இது பிப்ரவரி மாதம். இந்த நாடு கறுப்பர் வரலாற்று மாதம் கொண்டாடுகிறது. நாமோ தை முடிந்த பிறகும் பொங்கல் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம், அரங்கம் இப்போதுதான் கிடைத்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைக் கட்டிய கைகளைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். பதினைந்து நிமிடம். நான் மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று கல். இரண்டு கணக்கு. மூன்று இழப்பீடு. மூன்றையும் ஒரே பழமொழியில் கட்டிவிடலாம். என்ன பழமொழி என்று உங்களுக்குத் தெரியும், சிரிக்கிறீர்கள். ‘இவர் மைக்கைப் பிடித்தாலே தலைச்சுமைதான்’ என்று பின்வரிசையில் யாரோ சொல்வது கேட்கிறது. ஆமாம் ஐயா, அதேதான். *சொல்லுகிறவனுக்கு வாய்ச்சொல், செய்கிறவனுக்குத் தலைச்சுமை.* என் அம்மா சொல்வார்கள். ‘ஒரு சொம்பு தண்ணி கொண்டு வாம்மா’ என்று அப்பா திண்ணையில் இருந்து குரல் கொடுத்தால், கிணற்றடிக்குப் போகிற வழியில் அம்மா வாய்க்குள் முணுமுணுக்கிற பழமொழி. இரண்டே வரியில் உலக வரலாறு.

போன மாதம் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் நிலை வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை என்று என்னை அனுப்பினார்கள். பிள்ளைகளிடம் கேட்டேன்: “வெள்ளை மாளிகையைக் கட்டியவர் யார்?” ஒரு பையன் ஜார்ஜ் வாஷிங்டன் என்றான். இன்னொருவன் ஒபாமா என்றான், சரி, ஆசை யாரை விட்டது. கடைசி வரிசையில் ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கி, “கொத்தனார் அங்கிள்” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பெரிய கோயிலைக் கட்டியது யார் என்ற கேள்விக்கு நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கும் பதில் அல்லவா அது? வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போதுதான் உறைத்தது. வகுப்பில் சரியான பதில் சொன்னது அவள் ஒருத்திதான். அதைக் கேட்டுத்தான் நாம் எல்லோரும் சிரித்தோம்.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

இங்கிருந்து தெற்கே வர்ஜீனியாவில் ஸ்டாஃபோர்ட் கவுண்டியில் அக்வையா என்று ஓர் ஓடை. அங்கே கவர்ன்மெண்ட் ஐலண்ட் என்று ஒரு சின்னத் தீவு. புதிய தலைநகருக்குக் கல் வேண்டும் என்று 1791-இல் அரசாங்கமே வாங்கிய கல்குவாரி அது. இப்போது பூங்கா. மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறார்கள். நானும் மனைவியும் போன வருடம் இலையுதிர் காலத்தில் போனோம். பாதை ஓரத்தில் சுவர் மாதிரி பாறை நிற்கிறது. பாறையின் முகத்தில் சாய்வாகக் கோடு கோடாகக் கீறல். பாசி படிந்திருக்கிறது, ஆனால் கை வைத்தால் விரல் அந்தக் கோட்டுக்குள் போய் உட்காருகிறது. குந்தாலி விழுந்த தடம். ஒரு கல்லைப் பெயர்க்க வேண்டுமென்றால் அதைச் சுற்றி ஓர் ஆள் இறங்கி நிற்கும் அகலத்துக்குக் குழி வெட்ட வேண்டும். அந்த இடுக்கில் நின்றுகொண்டு குந்தாலியை ஓங்க வேண்டும். பிறகு ஆப்பு இறக்கிப் பிளந்து, இழுத்து, படகில் ஏற்றி, பொட்டோமாக் நதியில் மேலே கொண்டுவர வேண்டும். நாடாளுமன்றம் இருக்கிற கேபிடல் கட்டடத்தின் பழைய பகுதிக்கும் வெள்ளை மாளிகைக்கும் போன கல் அது. வெள்ளை மாளிகைக்கு வெள்ளை அடித்ததால்தான் வெள்ளை. உள்ளே இருப்பது இந்தப் பழுப்பு மணற்கல்.

அங்கே குந்தாலி பிடித்தவர்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் இருந்தார்கள். ‘அடிமை’ என்று ஒரு சொல்லில் முடிக்காமல் ‘அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த’ என்று இழுக்கிறாரே என்று நினைப்பீர்கள். அடிமை என்பது உயரம், நிறம் மாதிரி ஒருவரோடு பிறந்தது இல்லை. இன்னொருவர் அவருக்குச் செய்தது. இதைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம். பயப்படாதீர்கள், பேசப்போவதில்லை.

நியாயமாகப் பேச வேண்டும். கட்டியவர்கள் அவர்கள் மட்டுமல்ல. ஸ்காட்லாந்திலிருந்து வந்த கல்தச்சர்கள் இருந்தார்கள், ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள், சுதந்திரமான கறுப்பினத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஒரே சாரத்தில் எல்லோரும் நின்றார்கள். சாயங்காலம் கூலி கொடுக்கிற இடத்துக்கு வந்தபோதுதான் வரிசை இரண்டாகப் பிரிந்தது. அதுதான் என் இரண்டாவது செய்தி, கணக்கு.

1792 ஏப்ரல் 13. தலைநகரைக் கட்டும் பொறுப்பில் இருந்த மூன்று கமிஷனர்கள் உட்கார்ந்து ஒரு தீர்மானம் போடுகிறார்கள். நன்றாக வேலை செய்யக்கூடிய நீக்ரோ ஆட்களை வருடக் கணக்கில் வாடகைக்கு எடுப்பது. உடைமையாளர் நல்ல துணிமணி கொடுத்து, ஆளுக்கு ஒரு கம்பளியும் கொடுத்து அனுப்ப வேண்டும். சாப்பாடு கமிஷனர்கள் பொறுப்பு. ஆளுக்கு வருடக் கூலி 21 பவுண்டு. யாருக்கு 21 பவுண்டு? அதுதானே கேள்வி. கல் சுமந்தவருக்கு இல்லை. அவரை உடைமையாக வைத்திருந்தவருக்கு. வண்டி மாட்டை வாடகைக்கு விட்டால் காசு மாட்டுக்காரனுக்குத்தானே போகும், மாட்டுக்கா போகும்? அந்தக் கணக்குத்தான். மாட்டுக்குத் தவிடு வைப்பது யார் என்று பேசி முடிப்பதுபோல, கம்பளி யார் செலவு, சாப்பாடு யார் செலவு என்று பேசி முடித்திருக்கிறார்கள். எத்தனை சட்டம், எத்தனை பிரகடனம் எழுதிய தலைமுறை ஐயா அது! எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்று எழுதிப் பதினாறு வருடம்தான் ஆகியிருந்தது. *சொல்லுகிறவனுக்கு வாய்ச்சொல்.* மீதியை நீங்களே சொல்லுங்கள்.

(கூட்டம் சொன்னது. சலங்கை கட்டிய பிள்ளைகள்தான் உரக்கச் சொன்னார்கள்.)

அந்தக் கணக்குத் தாள்கள் எரிந்து போகவில்லை, கரையான் அரிக்கவில்லை. இரண்டு நூறு வருடம் அரசாங்கத்தின் பெட்டிகளுக்குள் பத்திரமாகவே இருந்தன. யாரும் எடுத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் அந்த ரசீதுகளை வெளியே கொண்டுவந்து காட்டிய பிறகுதான் காங்கிரஸ், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றம், விழித்துக்கொண்டு ஒரு குழு போட்டது. 2005-இல் கேபிடலின் கட்டடக்கலை வரலாற்றாளர் வில்லியம் ஆலன் அறிக்கை எழுதிக் கொடுத்தார்.

அவற்றில் ஒரு தாளைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். 1795 மே மாதம், ஜனாதிபதி மாளிகையில், அதாவது இன்றைய வெள்ளை மாளிகையில், வேலை செய்த தச்சர்களின் சம்பளப் பட்டியல். அழகான சாய்வெழுத்து. வெள்ளைக்காரத் தச்சர்களுக்குப் பெயரும் உண்டு, குடும்பப் பெயரும் உண்டு. அதே பட்டியலில் நான்கு பேர்: பீட்டர், பென், ஹாரி, டேனியல். அவ்வளவுதான். பின்னால் ஒன்றும் இல்லை. பென், டேனியல், பீட்டர் மூன்று பேரும் ஜேம்ஸ் ஹோபன் என்பவரின் உடைமை. ஹோபன் யார்? வெள்ளை மாளிகைக்கு வரைபடம் போட்டவர், அந்த வேலையையே மேற்பார்வை பார்த்தவர். மேற்பார்வைக்கும் சம்பளம், தன் ஆட்களின் உழைப்புக்கும் சம்பளம், இரண்டும் ஒரே பைக்குப் போனது. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். நம்மைப் போல ஒரு குடியேறி. அது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

(முதல் மணி.)

மணி அடித்துவிட்டார்கள். பரவாயில்லை, இது எச்சரிக்கை மணிதான். இப்போது உங்களுக்கு ஒரு கதை. இது கல்லும் இல்லை, கணக்கும் இல்லை, வெண்கலம். ஆனால் இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

கேபிடல் குவிமாடத்தின் உச்சியில் ஒரு சிலை நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் வாரமே கூட்டிப்போய்ப் புல்வெளியில் நிறுத்திப் படம் எடுக்கிறோமே, தலைக்கு மேலே ஈர்க்குச்சி அளவுக்குத் தெரியுமே, அதுதான். சுதந்திர தேவி. பத்தொன்பதரை அடி உயரம், 15,000 பவுண்டு எடை. வடிவமைத்தவர் தாமஸ் க்ராஃபோர்ட், ரோம் நகரில் வேலை பார்த்த சிற்பி. அவர் அந்தத் தேவியின் தலையில் ஒரு குல்லாய் வைத்தார். பழைய ரோமாபுரியில் அடிமையை விடுதலை செய்தால் அவன் தலையில் வைக்கிற குல்லாய். வரைபடம் வாஷிங்டனுக்கு வருகிறது. பார்க்க வேண்டிய அதிகாரி யுத்த மந்திரி. அவர் முகத்தைச் சுளித்தார். அடிமைகளின் குல்லாயா, பிறக்கும்போதே சுதந்திரமாகப் பிறந்த மக்களுக்கு இது பொருந்தாது என்றார். குல்லாய் போனது. இறகு வைத்த தலைக்கவசம் வந்தது. அந்த மந்திரியின் பெயர் ஜெஃபர்சன் டேவிஸ். ஆமாம், அவரேதான். சில வருடம் கழித்து அடிமைமுறையைக் காப்பாற்றுவதற்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கு ஜனாதிபதியானாரே, அதே டேவிஸ்!

இருங்கள், கதையே இன்னும் ஆரம்பிக்கவில்லை. க்ராஃபோர்ட் 1857-இல் இறந்துபோனார். அவர் செய்துவைத்த பிளாஸ்டர் மாதிரி கப்பலேறி, வழியில் ஆயிரம் சங்கடம் பட்டு, 1859-இல் வாஷிங்டன் வந்து சேர்ந்தது. ஐந்து பெரிய துண்டுகள். ஓர் இத்தாலிக்காரர் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, உள்ளே போல்ட் போட்டு முடுக்கி, பொருத்துத் தெரியாமல் மேலே பிளாஸ்டர் பூசி வழித்துவிட்டார். முழுத் தேவி! ஊரே வந்து பார்த்தது. இனி அதைப் பிரித்து, ப்ளேடன்ஸ்பர்க் சாலையில் க்ளார்க் மில்ஸ் என்பவரின் வார்ப்படச் சாலைக்குக் கொண்டுபோய் வெண்கலத்தில் வார்க்க வேண்டும். பிரிக்க இத்தாலிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டார். பொருத்து எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், சம்பளத்தை ஏற்றுங்கள், பிரிக்கிறேன் என்றார்.

நம் வீட்டில் குழாய் உடைந்து சமையலறை முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது வருகிற பிளம்பர் முகத்தில் ஒரு களை வருமே, அந்தக் களை இத்தாலிக்காரர் முகத்தில் வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் தன் உழைப்புக்கு விலை கேட்டார். கேட்கிற உரிமை அவருக்கு இருந்தது. அதை ஞாபகத்தில் வையுங்கள். அவர் மாட்டேன் என்று சொல்லலாம், சொல்லிவிட்டுத் தெருவில் நடந்து போகலாம்.

மில்ஸின் பட்டறையில் பிலிப் ரீட் என்று ஒருவர் இருந்தார். சின்ன வயதில் சார்ல்ஸ்டன் ஊரில் அவரை மில்ஸ் 1,200 டாலர் கொடுத்து வாங்கியிருந்தார். வாங்கக் காரணம், மில்ஸ் பார்த்துவந்த தொழிலில் அந்தப் பையனுக்கு இருந்த கைத்திறமை. மில்ஸே எழுதி வைத்திருக்கிறார்: குள்ளமான ஆள், பார்வைக்கு ஒன்றும் எடுப்பாக இருக்கமாட்டார், ஆனால் மூளை கூர்மை, நல்ல வேலைக்காரர். இந்தச் சான்றிதழ் எதற்காக எழுதப்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ரீட் சிலையைச் சுற்றிவந்து பார்த்தார். உச்சந்தலையில் தூக்குவதற்கு ஓர் இரும்பு வளையம் இருந்தது. அதில் கயிற்றை மாட்டி, கப்பியில் போட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக மேலே இழுக்கச் சொன்னார். முழுச் சிலையையும் தூக்குவதற்கு இல்லை. தூக்கப்போவதுபோல ஒரு இழுப்பு. எடை மேலே இழுபட, கீழ்த்துண்டு தன் கனத்தால் கீழேயே நிற்கப் பார்க்குமா இல்லையா? பூசி மறைத்த இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியது. அங்கேதான் பொருத்து! அந்த இடத்தில் உள்ளே போல்ட்டைத் தேடிக் கழற்றினார்கள். அடுத்தது, அடுத்தது, அடுத்தது. தேவி ஒரு கீறல் இல்லாமல் ஐந்து துண்டாகப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தாள். மில்ஸின் மகன் பின்னாளில் சொல்லி, 1869-இல் அச்சேறிய கதை இது.

கைதட்டுங்கள், தட்டலாம். இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் பொறியாளர்கள். திறக்க முடியாத பெட்டியை அதன் எடையை வைத்தே திறந்த மனிதருக்கு நீங்கள் தட்டாவிட்டால் யார் தட்டுவார்கள்?

வார்ப்பு வேலை 1860-இல் தொடங்கியது. வாரத்தில் ஆறு நாள் ரீட் செய்த வேலைக்கு அவருக்கு ஒன்றும் இல்லை, அது மில்ஸின் சொத்து. ஆனால் வார்ப்பு அச்சுகளுக்குக் கீழே நெருப்பு அணையக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையும் யாராவது விழித்திருந்து விறகு தள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு மட்டும் அரசாங்கம் ரீட்டுக்கே கூலி கொடுத்தது. நாளுக்கு ஒரு டாலர் 25 சென்ட். 33 ஞாயிற்றுக்கிழமை. 41 டாலர் 25 சென்ட். ரசீது இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

1862 ஏப்ரல் 16. லிங்கன் கையெழுத்தில் வாஷிங்டன் நகரத்தில் மட்டும் முதலில் அடிமைமுறை ஒழிகிறது. அந்தச் சட்டத்தில் ஒரு விசேஷம். விடுதலை ஆனவர்களுக்கு இழப்பீடு இல்லை. இழந்தவர்களுக்கு இழப்பீடு, அதாவது உடைமையாளர்களுக்கு. மில்ஸ் விண்ணப்பம் போட்டார். ரீட்டுக்கு 1,500 டாலர் வேண்டும் என்றார். ‘மூளை கூர்மை, நல்ல வேலைக்காரர்’ என்று சான்றிதழ் எழுதியது அந்த விண்ணப்பத்தில்தான்! கிடைத்தது 350 டாலர் 40 சென்ட். சுதந்திர தேவி 1863 டிசம்பர் 2-ஆம் தேதி உச்சிக்கு ஏறியபோது மாநிலத்துக்கு ஒன்றாக 35 குண்டு முழங்கியது, சுற்றியிருந்த 12 கோட்டைகளிலிருந்து பதில் குண்டு முழங்கியது. அப்போது ரீட் சுதந்திர மனிதர். பிறகு சொந்தமாகப் பூச்சு வேலைத் தொழில் நடத்தினார். அந்தத் தேவியின் பிளாஸ்டர் மாதிரி இன்றைக்குக் கேபிடலுக்குள் விடுதலை மண்டபத்தில் நிற்கிறது. அடுத்த முறை ஊரிலிருந்து ஆள் வந்தால் புல்வெளியோடு திரும்பாமல் உள்ளே கூட்டிப்போங்கள். நுழைவு இலவசம், பொருளாளர் கவனிக்க.

அதே மண்டபத்தில் ஒரு கல்லும் இருக்கிறது. 2012 பிப்ரவரி 28-இல் திறந்து வைத்தார்கள். அதற்காக வேலை செய்த குழுவுக்குத் தலைமை தாங்கிய, கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய காங்கிரஸ் உறுப்பினர் ஜான் லூயிஸும் அன்று இருந்தார். எங்கள் அக்வையா மணற்கல்தான். 1824 முதல் 1826 வரை கட்டிய கிழக்கு முகப்பில் இருந்தது. உளித்தடம் தெரியும்படி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் எழுதியிருப்பது என்ன? அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் இந்தக் கல்லை வெட்டியெடுத்தார்கள், கேபிடலைக் கட்டியதில் அவர்களுடைய முக்கியமான பங்கை இது நினைவுகூர்கிறது. நல்ல வாசகம். நான் குறை சொல்லவில்லை. இரண்டு நூறு வருடம் கழித்தாவது எழுதினார்களே. ஆனால் ஐயா, பெயர் எங்கே? சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறது. கல்லில் இல்லை. பட்டியல் எழுதிய குமாஸ்தா கணக்குக்காகவாவது ‘பீட்டர்’ என்று எழுதினான். மரியாதை செய்ய வந்த நாம் ‘தொழிலாளர்கள்’ என்று எழுதுகிறோம்.

பெயர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஷார்லட்ஸ்வில்லுக்குப் போய்ப் பாருங்கள். தாமஸ் ஜெஃபர்சன் (சிலைக் கதையில் வந்த டேவிஸ் இல்லை, மூன்றாவது ஜனாதிபதி) தொடங்கிய வர்ஜீனியா பல்கலைக்கழகம். அங்கே அடிமைகளாக உழைத்தவர்களுக்கு 2020-இல் ஒரு நினைவிடம் கட்டி முடித்தார்கள். கருங்கல் வளையம், குறுக்களவு 80 அடி. சுமார் 4,000 பேர் உழைத்திருக்கலாம் என்று கணக்கு. முழுதாகவோ பாதியாகவோ பெயர் தெரிந்தவர்கள் 578 பேர். பெயர் தெரியாத சிலரை அவர்கள் பார்த்த வேலையால் குறித்தார்கள், சிலரை உறவால் குறித்தார்கள். யாருடைய தாய், யாருடைய மகள் என்று. அதுவும் தெரியாதவர்களுக்கு? கல்லில் ஆளுக்கு ஒரு வெட்டு. அவ்வளவுதான், உளியால் ஒரு கோடு. நாங்கள் போன அன்று மழை தூறியது. அந்த வெட்டுகளில் நீர் தேங்கி, நிறைந்து, ஒன்றொன்றாக வழிந்தது. என் மனைவி குடையை மடக்கிவிட்டு நின்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

(இரண்டாவது மணி.)

தெரிகிறது, தெரிகிறது. இழப்பீடு என்ற மூன்றாவது செய்தியை விரித்துப் பேச நேரம் இல்லை. மில்ஸ் கதையில் பாதி வந்துவிட்டது, மீதியை வேறு மேடையில் பார்த்துக்கொள்ளலாம். இப்போது கட்டடக் குழுவினர் மேல் என் வழக்கு.

நம் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. பெருமையாக இருக்கிறது. இருபது வருடமாகப் பள்ளி அரங்குகளில் நாற்காலி மடக்கிய தோள்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வாசலில் கருங்கல் பலகை வரப்போகிறது. மாதிரியை எனக்கும் அனுப்பினார்கள். மேலே வைரம், அடுத்து தங்கம், அடுத்து வெள்ளி. நன்கொடையாளர் பெயர்கள். நானும் வெள்ளியில் இருக்கிறேன், என் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது, திருத்திவிடுங்கள். நன்கொடையாளர் பெயரைக் கல்லில் வெட்டுவது நம் மரபு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், தான் கொடுத்ததை மட்டுமா வெட்டச் சொன்னான்? அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாவற்றையும் வெட்டச் சொன்னான். அதே கோயில் கல்வெட்டில் பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது, குஞ்சரமல்லன். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும் இருக்கிறது. கொடுத்தவன் பெயரோடு செய்தவர் பெயரும் நிற்கிற கல் நமக்குப் புதிது அல்ல.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்தப் பலகையின் கீழே, அதே அளவு எழுத்தில், கட்டடம் கட்டியவர்களின் பெயர். காங்கிரீட் ஊற்றியவர், கூரை போட்டவர், மின்கம்பி இழுத்தவர், ஜிப்சம் பலகை ஒட்டியவர். இதை மூன்று கூட்டத்தில் கேட்டுவிட்டேன். முதல் கூட்டத்தில் ‘நல்ல யோசனை, பரிசீலிப்போம்’ என்றார்கள். இரண்டாவதில் ‘ஆட்கள் தினம் மாறுகிறார்கள், யார் பெயரைப் போடுவது’ என்றார்கள். மூன்றாவதில் ‘எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார்கள்’ என்றார்கள். வைரக்காரர் பெயருக்கு முன்னால் இருக்கிற பட்டங்களைக் குறைத்தாலே ஆறு தச்சர்களுக்கு இடம் கிடைக்கும் என்றேன். அதற்குப் பிறகு நான்காவது கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

தவறாக நினைக்க வேண்டாம். கூலி வாங்கி வேலை செய்கிறவர்களையும், ஓட வழியில்லாமல் விலைக்கு விற்கப்பட்டவர்களையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. நம் கட்டடத்தில் வேலை செய்கிறவர் வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்குகிறார், பிடிக்காவிட்டால் அந்த இத்தாலிக்காரர் மாதிரி கையைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பெயரை விட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறதே, அது ஒரே பழக்கம். *சொல்லுகிறவனுக்கு வாய்ச்சொல்* என்று நான் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இருபத்தைந்து நிமிடமாக நின்று பேசிக்கொண்டிருக்கிறேன், ஒரு செங்கல் தூக்கவில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அதனால் ஒரு வேலை மட்டும் செய்தேன். மூன்று வாரமாக, காலையில் நடைப்பயிற்சி போகிற சாக்கில், கட்டடத்துக்குப் போய்ப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை பதினாறு பெயர் சேர்ந்திருக்கிறது. பலர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். எனக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு என் ஆங்கிலம் புரியாது. நோட்டை நீட்டினால் அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். ஒருவர் மட்டும், கூரை மேலே இருந்தவர், இறங்கிவந்து நோட்டைப் பார்த்து, பெயர் எதற்கு, போலீஸா, புகாரா என்று கேட்டார். இல்லை, கல்லில் போடுவதற்கு என்று கையால் வெட்டிக் காட்டினேன். சிரித்தார். எழுதவில்லை. மறுபடி மேலே ஏறிப்போய்விட்டார்.

நேற்றுக் காலையில் அவரே என்னைக் கூப்பிட்டார். நோட்டைக் கேட்டார். தன் பெயரோடு இன்னொரு பெயரையும் எழுதினார். யார் என்று கேட்டேன். போன வாரம் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்ட கூட்டாளியாம், பாதிக் கூரை அவர் போட்டதாம்.

நோட்டு, வாசலில் புத்தகக் கடை மேசையில் இருக்கிறது. கட்டடக் குழுவுக்கான விண்ணப்பமும் பக்கத்தில் இருக்கிறது. பேனா கட்டி வைத்திருக்கிறேன், தயவுசெய்து எடுத்துப் போய்விடாதீர்கள். சலங்கைப் பிள்ளைகளே, வாருங்கள், மேடை உங்களுக்கு. நன்றி, வணக்கம்.